31 வாரம், பிரஷர் 146/94, யூரினில் அல்புமின்: வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகலாமா?

கருங்கல் மருமகள் எழுதியது:

வணக்கம். இவ்வளவு நாள் இங்கே வாசிக்க மட்டும் செய்தேன், முதல் தடவையாக எழுதுகிறேன். எனக்கு இது முதல் பிள்ளை, இன்றைக்கு 31 வாரமும் 2 நாளும் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கமான செக்கப்புக்குப் போனபோது பிரஷர் 146/94 இருந்தது. நடந்து வந்ததால் இருக்கும் என்று உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள், 144/92. யூரினில் அல்புமின் என்கிற புரதம் இரண்டு பிளஸ். அன்றைக்கே நாகர்கோவிலுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே இரண்டு நாள் படுக்கவைத்து, ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லி பிரஷருக்கு லேபெட்டலால் மாத்திரை 100 மில்லிகிராம் காலையும் இரவும் போடச் சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து காட்ட வேண்டும். சீட்டில் ப்ரீஎக்லாம்ப்சியா என்று எழுதியிருக்கிறது. கூட்டம் அதிகம், அது என்ன என்று நின்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கால் வீங்கியிருப்பதைப் பார்த்து மாமியார், இது உப்புநீர்தான், எங்கள் காலத்தில் எல்லாருக்கும் வந்தது, உப்பை நிறுத்தினால் வற்றிவிடும் என்கிறார். மூன்று நாளாக உப்பில்லாத கஞ்சிதான், தொண்டைக்குள் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். எனக்கோ தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. பிறகு எதற்கு மாத்திரை, அது பிள்ளையைப் பாதிக்காதா என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று. அடுத்த ஞாயிறு வளைகாப்பு. முதல் பிரசவம் என்பதால் அதோடு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு. அம்மா வீடு பேச்சிப்பாறைக்கு மேலே, அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. எனக்கும் அம்மா பக்கத்தில் இருக்க ஆசையாக இருக்கிறது, கணவர் சவுதியில் இருக்கிறார். ஆனால் அங்கே இரவில் பஸ் கிடையாது, போனில் டவரும் சில நேரம் கிடைக்காது. போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆரல்வாய்மொழி அக்கா எழுதியது:

தங்கச்சி, போகாதே. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

எனக்கு மூத்தவன் வயிற்றில் இருந்தபோது 33 வாரத்தில் இதே கதைதான். பிரஷர் 150க்குப் பக்கத்தில் இருந்தது, மாத்திரை கொடுத்தார்கள், உன்னை மாதிரியே எனக்கும் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால் ஒரு நாள் போட்டால் ஒரு நாள் விடுவேன். ஒரு ராத்திரி சாப்பிட்டுப் படுத்தபின் நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலது பக்க விலா ஓரமாக, யாரோ கையை வைத்து அமுக்கிப் பிடித்த மாதிரி ஒரு வலி. அன்றைக்கு மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டிருந்தேன், வாயு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். சுக்கு போட்டு வெந்நீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவிவிட்டார்கள். இரண்டு மணிக்கு வாந்தி. விடியட்டும், ஆட்டோ பிடித்துப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் பிரஷர் 170/112, ரத்தத்தில் பிளேட்லெட் அறுபதாயிரத்துக்கு இறங்கிவிட்டது, ஈரல் டெஸ்ட் ஏறிக் கிடக்கிறது. ஹெல்ப் சிண்ட்ரோம் என்று சொன்னார்கள். அந்தப் பெயரைக் கேட்டு ஏதோ உதவி என்று என் கணவர் நினைத்துக்கொண்டார், பாவம். ரத்த அணுக்கள் உடைவது, ஈரல் கெடுவது, பிளேட்லெட் குறைவது என்ற மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயராம் அது. மதியத்துக்குள் ஆபரேஷன். பிள்ளை 1.6 கிலோ, 24 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான், நன்றாக இருக்கிறான்.

வாயு என்று நினைத்த அந்த ஆறேழு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். மெடிக்கல் காலேஜுக்கு அரைமணி தூரத்தில் இருந்த எனக்கே இந்த நிலைமை. நீ மலைக்கு மேலே போய் இருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பார். அம்மாவை இங்கே வரச் சொல்.


லேபர் வார்டு நர்ஸ் எழுதியது:

மக்களே, நான் 14 வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். உன்னை நேரில் பார்த்த டாக்டர் சொல்வதுதான் முடிவு, நான் சொல்வது உனக்கு விஷயம் புரிவதற்காக.

எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று எழுதியிருந்தாய் பார், அதுதான் இந்த நோயின் பொல்லாத குணம். பிரஷர் ஏறுவது உடம்புக்குத் தெரியாது. தலைவலி வந்து தெரிகிறபோது நோய் பாதி தூரம் போயிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு செக்கப்பிலும் கையில் பட்டையைச் சுற்றுகிறோம், ஒரு குப்பியைக் கொடுத்து யூரின் கேட்கிறோம். 20 வாரத்துக்குப் பிறகு மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் எது தொட்டாலும், நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தும் அப்படியே இருந்தால் அது கர்ப்பகால பிரஷர். அதோடு அல்புமின் போனாலோ, ஈரல், சிறுநீரகம், பிளேட்லெட் இவற்றில் கோளாறு தெரிந்தாலோ அதைத்தான் ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறார்கள். எக்லாம்ப்சியா என்றால் வலிப்பு. நம் ஊரில் ஜன்னி என்பார்கள். அந்த ஜன்னிக்கு முந்தைய நிலைமை இது. ஆனால் இந்த நிலைமை வந்தவர்கள் எல்லாருக்கும் ஜன்னி வருவதில்லை, கவனமாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்கு வராது. அதையும் மனதில் வை.

ஏன் வருகிறது என்றால், காரணம் நீ தின்ற கருவாடும் இல்லை, ஊறுகாயும் இல்லை. பிள்ளை உருவான முதல் நாலைந்து மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்கே சுருள் சுருளாக இருக்கிற சின்ன ரத்தக்குழாய்களை அகலப்படுத்த வேண்டும். பேச்சிப்பாறை சானலில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் ஓடையை வெட்டி அகலமாக்குகிற மாதிரி. சிலருக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை. குழாய் குறுகலாகவே கிடக்க, பிள்ளை வளர வளர நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் போகிறது. அப்போது நஞ்சுக்கொடியிலிருந்து சில புரதங்கள் அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவை உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உட்புறத்தைக் கெடுத்துவிடும். குழாய்கள் இறுகினால் பிரஷர் ஏறும். சிறுநீரகத்தில் கசிந்தால் அல்புமின் போகும். ஈரல் வீங்கினால் ஆரல்வாய்மொழித் தங்கச்சி சொன்ன அந்த விலா ஓர வலி வரும். மூளையில் கை வைத்தால் தலைவலி, கண் மங்கல், கடைசியில் வலிப்பு. எல்லாவற்றுக்கும் ஊற்று நஞ்சுக்கொடி என்பதால்தான், அது வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். மாத்திரை நோயைத் தீர்ப்பதில்லை. பிரஷர் 160/110க்கு மேலே ஏறி மூளையில் ரத்தம் கசியாமல் காப்பதும், பிள்ளை உள்ளே இன்னும் சில வாரம் வளர நேரம் வாங்கித் தருவதும்தான் அதன் வேலை. 31 வாரத்தில் பிறப்பதற்கும் 36 வாரத்தில் பிறப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உனக்கே தெரியும்.

லேபெட்டலால் கர்ப்பிணிகளுக்குப் பல வருஷமாகக் கொடுத்து வரும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் அதைத் தவிர்ப்பார்கள், உனக்கு இழுப்பு உண்டென்றால் உடனே சொல்லிவிடு. நாளைக்குப் பிரஷர் சரியாக இருந்தாலும் நீயாக நிறுத்தாதே. வீட்டில் மாமனார் போடுகிற பிரஷர் மாத்திரையை எடுத்தும் போட்டுவிடாதே. அதில் சில வகை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். உப்பை நிறுத்தினால் இந்த நோய் வற்றாது. உன் மாமியார் மேல் குறையில்லை, அந்தக் காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். வழக்கமான உப்போடு சாப்பிடு. கருவாடு, அப்பளம் தினமும் வேண்டாம், அவ்வளவுதான். தண்ணீரையும் குறைக்காதே. உப்பில்லாமல் கஞ்சி குடித்துச் சாப்பாடே இறங்காமல் போனால் பிள்ளைக்குத்தான் நட்டம். சாளையும் நெத்திலியும் குழம்பு வைத்துச் சாப்பிடு, முட்டை சாப்பிடு, கொடுக்கிற கால்சியம் மாத்திரையை விடாமல் போடு. கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதே, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

கால் வீக்கம் மட்டும் இருந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கும் சாயங்காலம் கால் வீங்கும். ஒரே நாளில் முகமும் கையும் உப்பிப்போவது, காலையில் மோதிரம் கழற்ற வராமல் இறுகுவது, ஒரு வாரத்தில் எடை சட்டென்று ஏறுவது, இவை வேறு. வீக்கமே இல்லாமலும் இந்த நோய் முற்றும் என்பதையும் மாமியாரிடம் சொல்.

இனி அம்மா வீடு. மேலே சொன்னவள் சொன்னதுதான் என் பதிலும். ராத்திரி 12 மணிக்கு வந்தாலும் ஆபரேஷன் செய்ய ஆளும், குறைமாதப் பிள்ளையைப் பார்க்கிற வார்டும், ரத்தமும் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நீ இருக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் அது இருக்கிறது. கருங்கலில் இருந்து நேரே வந்துவிடலாம். மலையில் இருந்து இறங்குவதற்குள் என்னென்னவோ நடந்துவிடும். வளைகாப்பை வீட்டிலேயே சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கணக்கில் உன்னை உட்காரவைக்காமல்.


குளச்சல் தம்பி எழுதியது:

நர்ஸ் அக்கா பிரசவத்துக்குப் பிறகு நடப்பதைச் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

என் அக்காவுக்குக் கர்ப்பத்தில் பிரஷரே இல்லை. சுகப்பிரசவம், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாயிற்று. ஐந்தாம் நாள் காலையில் இருந்தே தலை வலிக்கிறது என்றாள். ராத்திரி தூக்கம் இல்லை, பிள்ளை அழுகிறது, அதனால்தான் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. வேது வைத்துக் குளிப்பாட்டினார்கள். மத்தியானம் டிவி இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னாள், சொல்லி முடிக்கவில்லை, கண் மேலே போய் வெட்டி இழுத்தது. வீட்டில் கூட்டம் கூடி, ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார், ஒருவர் வாயில் கரண்டியை வைக்கப் போகிறார். பக்கத்துத் தெருவில் நர்ஸிங் படிக்கிற பிள்ளை ஓடிவந்து எல்லாரையும் விலக்கி, அக்காவை இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று கத்தினாள். அவள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் தெரியாது. 108 வந்து கொண்டு போனோம். அங்கே பிரஷர் 180/110. மெக்னீசியம் ஊசி போட்டார்கள், மறுநாள் தெளிந்துவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பிரஷர் இப்படிப் பிறகும் ஏறலாம், தலைவலி வந்தால் வாருங்கள் என்று யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பிள்ளை பிறந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள்.


லேபர் வார்டு நர்ஸ் எழுதியது:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் எழுதாமல் விட்டது தப்புதான். பிரசவம் முடிந்து மூன்றில் இருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரஷர் உச்சத்துக்குப் போகும், அந்த நேரம் பார்த்துத்தான் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆறு வாரம் வரைக்கும் கவனம் வேண்டும்.

மெக்னீசியம் ஊசி என்றால் பலருக்கும் பயம், அதனால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை. வலிப்பு வராமல் தடுக்க அதற்கு மேல் ஒரு மருந்து இல்லை. 2002இல் மேக்பை என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைப் பார்த்தார்கள். இந்த ஊசி போட்டவர்களுக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நரம்பில் ஏற்றும்போது உடம்பெல்லாம் தீப்பற்றின மாதிரி சூடு பரவும், இடுப்பில் போடுகிற ஊசி நன்றாகவே வலிக்கும். மணிக்கொரு தடவை வந்து முழங்காலைத் தட்டிப் பார்ப்போம், மூச்சை எண்ணுவோம், எவ்வளவு யூரின் போகிறது என்று அளப்போம். மருந்து உடம்பில் கூடிவிட்டால் முதலில் அந்த முழங்கால் துள்ளல்தான் நிற்கும், அதற்காகத்தான்.


கருங்கல் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். குளச்சல் அண்ணன் எழுதியதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார், இன்றைக்கு உப்புப் போட்டு மீன்குழம்பு வைத்துத் தந்தார். அம்மாவும் ஞாயிற்றுக்கிழமையோடு இங்கேயே தங்க ஒத்துக்கொண்டார்.

கணவர் பணம் அனுப்பி பிபி மெஷின் வாங்கியாயிற்று. இன்று காலை 138/88, சாயங்காலம் படுத்துக்கொண்டு பார்த்தால் 126/80. எதை நம்புவது? அப்புறம், சுகப்பிரசவத்துக்கு வழி உண்டா, இல்லை கட்டாயம் ஆபரேஷனா? என் தங்கச்சிக்கும் இது வருமா?


லேபர் வார்டு நர்ஸ் எழுதியது:

உட்கார்ந்து பார்த்ததை நம்பு. பக்கவாட்டில் படுத்து மேல் கையில் பார்த்தால் குறைத்துத்தான் காட்டும். யூரின் போய்விட்டு வந்து, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்து, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பார். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் கூட்டிக் காட்டும், அதையும் கவனி. காலையும் சாயங்காலமும் ஒரு நோட்டில் எழுதி செக்கப்புக்குக் கொண்டு போ. 140/90க்கு மேலே போனால் அன்றைக்கே போன் செய்து கேள். மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110 வந்தால் நோட்டும் வேண்டாம், போனும் வேண்டாம், வண்டியைப் பிடி. மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண்ணில் மின்னல் மாதிரி வெட்டுவது, விலா ஓர வலி, மூச்சு முட்டுவது, ரத்தம் படுவது, பிள்ளை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் மெஷின் என்ன காட்டினாலும் அப்படியே கிளம்பு.

ஆபரேஷன் கட்டாயமில்லை. பிரஷர் கட்டுக்குள் நின்றால் 37 வாரத்தில் வலி வரவைத்துச் சுகமாகவே பெற்றவர்கள் என் கையிலேயே எத்தனையோ பேர். முற்றிவிட்டால் 34 வாரத்தைத் தாண்டிக் காத்திருக்க மாட்டார்கள், அதற்கு முன்னாலும் எடுக்க வேண்டி வரலாம்.

தங்கச்சிக்குக் கொஞ்சம் வாய்ப்பு கூடுதல்தான், அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் அப்படி. அவள் உண்டானவுடன் முதல் செக்கப்பிலேயே உன் கதையைச் சொல்லட்டும். தேவைப்பட்டால் 12 வாரத்தில் இருந்து, 16க்குள், குறைந்த அளவு ஆஸ்பிரினை இரவில் போடச் சொல்வார்கள். அடுத்த பிள்ளைக்கு உனக்கும் அதேதான். இப்போது 31 வாரத்தில் அதைத் தொடங்கிப் பிரயோஜனம் இல்லை, நீயாக வாங்கிப் போடாதே.


கருங்கல் மருமகள் எழுதியது:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், 32 வாரமும் 6 நாளும்.

திங்கள் ராத்திரி பத்து மணிக்கு நெற்றி இடிக்கிற மாதிரி தலைவலி. மெஷினில் 164/108. கால்மணி நேரம் கழித்து மறுபடியும் அதேதான். விடியட்டும் என்று அம்மா சொல்ல வாயெடுத்தார், மாமியார்தான் விடக் கூடாது என்று 108க்கு அடித்தார். வந்து இறங்கியதும் ஒரு மாத்திரை கொடுத்து அரைமணிக்குள் பிரஷரை இறக்கினார்கள். மெக்னீசியம் போட்டார்கள், நீங்கள் சொன்ன அதே சூடு, அதே வலி. தெரிந்திருந்ததால் பயப்படவில்லை. பிள்ளையின் நுரையீரலுக்கு 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி போட்டு முடித்தார்கள். இன்றைக்கு 146/92, ரத்த டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, பிள்ளை 1.7 கிலோ என்று ஸ்கேனில் சொன்னார்கள். 34 வாரம் வரைக்கும் இங்கேயே வைத்துப் பார்ப்பார்களாம், நிலைமை மாறினால் அன்றைக்கே எடுத்துவிடுவார்களாம். கணவர் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் வந்து இறங்குகிறார்.

அக்கா, இடுப்பில் ஊசி போட்ட இடம் கல் மாதிரி கட்டியாக இருக்கிறது, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அது எப்போது சரியாகும்?


லேபர் வார்டு நர்ஸ் எழுதியது:

நல்ல வேலை செய்தாய் மக்களே, உன் மாமியாருக்கும் என் வணக்கத்தைச் சொல். கட்டி சில நாளில் தானாகக் கரைந்துவிடும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். ரொம்பச் சிவந்து சூடாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டியூட்டி சிஸ்டரிடம் காட்டு. மல்லாந்து படுக்காதே, வலி குறைவாக இருக்கிற பக்கமாகத் தலையணை வைத்துச் சாய்ந்து படு. வெள்ளிக்கிழமை அவர் வந்ததும் எழுது.